கூரைக்கு மேல் ஒரு வீடு: முதலில் கீழ்வீட்டை அளந்து பாருங்கள்

பினாங்கின் பெருநிலப் பகுதியிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் தாமான் (குடியிருப்புப் பகுதி) பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விஷயத்தை மட்டும் சுருக்கிச் சொல்கிறேன்.

அப்பா 1986இல் வாங்கிய ஒரு தட்டு வரிசை வீடு. 20க்கு 65 அடி மனை, வரிசையின் நடுவில் இருக்கிறது. வங்கிக் கடன் முடிந்துவிட்டது. அப்பா 2019இல் உயில் எழுதாமலே காலமானார். தாத்தா பாட்டி அதற்கு முன்பே இல்லை. கிராண்ட், அதாவது நில உரிமைப் பத்திரம், இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. இப்போது அம்மாவும் அண்ணன் குடும்பமும் அங்கே இருக்கிறார்கள். வாசகி, கணவர், இரண்டு பிள்ளைகளோடு வாடகை அடுக்குமாடியில் இருக்கிறார். "மேலே கட்டிக்கிட்டு வந்துடு, எல்லாரும் ஒண்ணா இருக்கலாம்" என்கிறார் அம்மா. "மேல் பாகம் உனக்கு, கீழே எனக்கு" என்று அண்ணனும் மனமாரச் சொல்லிவிட்டார். பின்பக்கச் சமையலறையை அப்பா 2004இல் பெரிதாக்கியபோது தட்டையான கான்கிரீட் கூரை போட்டு, பிற்காலத்தில் மாடி எடுக்கலாம் என்று தூண் கம்பிகளை மேலே நீட்டி விட்டிருக்கிறார்.

மாடி கட்டித் தரக் குத்தகையாளர் 1,40,000 ரிங்கிட் கேட்கிறார், நான்கு மாதத்தில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். வாசலில் கார் நிறுத்தும் இடத்திலிருந்து தனிப் படிக்கட்டு. "தூணெல்லாம் நானே பார்த்துட்டேன், நல்லா இருக்கு. சர்வேக்குக் கொடுக்கிற காசுல டைல்ஸ் போடலாம்" என்பது அவர் வாக்கு. வாசகியின் கேள்விகள் மூன்று: சர்வே உண்மையிலேயே வேண்டுமா? மேல் வீட்டை எங்கள் பெயரில் எழுத முடியுமா? அதே வரிசையில் இரண்டு வீடுகள் அனுமதி இல்லாமல் உயர்ந்திருக்கின்றன, நாமும் கட்டிவிட்டு அப்புறம் சமன் (அபராத நோட்டீஸ்) வந்தால் பணத்தைக் கட்டிக்கொள்ளலாமா?

கையெழுத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "பழைய வீடும் சமையலறையும் சேரும் இடத்தில் ஒரு கீறல் உண்டு. ஒவ்வொரு தீபாவளிக்கும் பூசி அடிப்போம், மறுபடி வந்துவிடும். இப்போது 20 சென் காசு நுழைகிறது. இதற்கும் மாடிக்கும் சம்பந்தம் இருக்காது என்று நினைக்கிறேன்."

அன்புச் சகோதரி,

கட்டமைப்புப் பொறியாளனாக எனக்கு உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி கையெழுத்துக்குக் கீழே இருக்கும் அந்த வரிதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பூசப் பூசத் திரும்பி வரும் கீறல், பெரும்பாலும் சுவருக்குக் கீழே நிலம் இன்னும் நகர்ந்துகொண்டிருப்பதைக் காட்டும். பட்டர்வொர்த், பிறை, பாகான் பக்கமெல்லாம் கடலோரக் களிமண். மேலே காலால் மிதித்தால் கெட்டியாகத் தெரியும், கீழே பல மீட்டர் ஆழத்துக்குக் குழைந்த மண் கிடக்கும். அந்தக் காலத்துத் தாமான் வீடுகள் பலவற்றுக்கு மேம்பாட்டாளர்கள் பக்காவ் கட்டை, அதாவது சதுப்புநில மரக்கட்டைகளை அடித்து, அதன்மேல் அஸ்திவாரம் போட்டார்கள். பிறகு குடும்பங்கள் பின்பக்கம் இழுத்துக் கட்டியபோது பெரும்பாலும் அந்தக் கட்டைகூட இல்லாமல், இரண்டு மூன்று அடி தோண்டி கான்கிரீட் ஊற்றித் தூணை நிறுத்திவிட்டார்கள். விளைவாக முன்வீடு ஒரு வேகத்திலும் பின்வீடு வேறு வேகத்திலும் இறங்கும். இரண்டும் சேரும் இடம் பிளந்துகொள்ளும். உங்கள் வீட்டில் நடப்பது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம். நேரில் அளந்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

என் ஊகம் சரி என்றால், மாடியைத் தாங்கப் போகிறது என்று நீங்கள் எல்லோரும் நம்பியிருக்கும் அந்தப் பின்பக்கம்தான் இப்போதே தாங்க முடியாமல் இறங்கிக்கொண்டிருக்கிறது.

அந்த நீட்டிய கம்பிகள்

அப்பா பிள்ளைகளை நினைத்து விட்டுப் போன கம்பிகள் அவை. அதைப் பற்றி இப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். பழைய கம்பியோடு புதுக் கம்பியை இணைக்க, கம்பியின் தடிமனைப் போல் சுமார் 40 மடங்கு நீளம் ஒன்றன் மேல் ஒன்று படிய வேண்டும். 16 மில்லிமீட்டர் கம்பி என்றால் இரண்டடிக்கு மேல். 20 வருடம் உப்புக்காற்றிலும் மழையிலும் நின்ற கம்பியின் உண்மையான தடிமன் இன்று எவ்வளவு என்பது துருவைச் சுரண்டினால்தான் தெரியும். அதைவிடப் பெரிய கேள்வி, கம்பிக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது.

சில வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு வீட்டுக்குப் போனேன். மொட்டை மாடியில் நான்கு மூலையிலும் கம்பிகள் அழகாக நின்றன. கட்டிக் கொடுத்தவர் "மூணு மாடி தாங்கும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாராம். கீழே வந்து தூணின் மேல் கம்பி தேடும் ஸ்கேனரை வைத்து மெல்ல இழுத்தேன். உள்ளே கம்பி இருந்தால் அது கத்த வேண்டும். ஒரு சத்தமும் இல்லை. வீட்டுக்காரர் அனுமதியோடு உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சைத் தட்டிப் பார்த்தோம். சிவப்புச் செங்கல். தூண் என்று எல்லோரும் நினைத்திருந்தது பூசி மெழுகிய செங்கல் கட்டு. மேலே நின்ற கம்பிகள் ஸ்லாபுக்குள் ஓரடிதான் இறங்கியிருந்தன. அந்த வீட்டம்மா அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் பேசாமல் நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. மாடி கட்டுவதற்கு முன்பே தெரிந்தது அவர்கள் செய்த புண்ணியம்.

உங்கள் வீடும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. கண்ணால் பார்த்துத் தூணை மதிப்பிட யாராலும் முடியாது என்கிறேன். குத்தகையாளராலும் முடியாது, என்னாலும் முடியாது.

எவ்வளவு பாரம் ஏறுகிறது?

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். உங்கள் முன்வீடு ஏறக்குறைய 20க்கு 40 அடி, அதாவது 74 சதுர மீட்டர். இப்போது அதன்மேல் இருப்பது ஓடும் மரச்சட்டமும் சீலிங்கும். எல்லாம் சேர்த்து ஒரு சதுர மீட்டருக்கு 100 கிலோவுக்கும் கீழேதான். அதை எடுத்துவிட்டு 125 மில்லிமீட்டர் கான்கிரீட் தளம் போட்டால் சதுர மீட்டருக்கு 300 கிலோ. சிமெண்டுப் பூச்சும் டைல்ஸும் இன்னொரு 100. ஆட்கள், அலமாரி, கட்டில் இவற்றுக்காக வீடுகளுக்கு விதி சொல்லும் பாரம் சுமார் 150. மொத்தம் 550 கிலோ. 74ஆல் பெருக்கினால் 40 டன்.

இதில் சுவர் இன்னும் வரவில்லை. இருபுறமும் பூசிய அரைச் செங்கல் சுவர் 3 மீட்டர் உயரத்துக்கு எழும்பினால் ஒவ்வொரு மீட்டர் நீளமும் சுமார் 800 கிலோ. சுற்றுச்சுவர், அறைச்சுவர் எல்லாம் சேர்த்து 40 மீட்டர் வைத்துக்கொண்டாலும் 32 டன். 200 காலன் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் தனியாக 900 கிலோ. பீம்களும் புதுக் கூரையும் நான் இன்னும் சேர்க்கவில்லை. ஆளில்லாத நகரப் பேருந்து ஒன்று 11, 12 டன் இருக்கும். ஆறு பேருந்துகளை அப்பா வாங்கிய ஒரு தட்டு வீட்டின் தலையில் ஏற்றி நிறுத்துகிறீர்கள். கூரையை மட்டும் தாங்க என்று வரைந்து கட்டிய வீடு அது.

பினாங்குக்காரர்களுக்கு இதை நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. 1988 ஜூலை 31 அன்று பட்டர்வொர்த் படகுத்துறையில் திருவிழாக் கூட்டம் நெருக்கியபோது கட்டுமானம் சரிந்து 32 பேர் போனார்கள். தினமும் ஆயிரக்கணக்கானோர் நடந்த இடம்தான் அது. அதுவரை தாங்கியது என்பதற்காக இனியும் தாங்கும் என்று சொல்லிவிட முடியாது.

சர்வே என்றால் எது?

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். சர்வே வேண்டும். ஆனால் 'சர்வே' என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு வேலைகள் இருக்கின்றன, அவற்றை ஒரே ஆள் செய்வதில்லை. குத்தகையாளர் வீண் செலவு என்று எதைச் சொன்னார் என்பதுகூட எனக்குப் புரியவில்லை.

எல்லை அளவை. இதை உரிமம் பெற்ற நில அளவையாளர் மட்டுமே செய்யலாம். 1958ஆம் ஆண்டு சட்டம் அப்படிச் சொல்கிறது. நில அளவைத் துறையான ஜூப்பெம்மில் உங்கள் மனையின் சான்றளித்த வரைபடம் இருக்கும். அதை வைத்து அவர் எல்லைக்கற்கள் இருக்கின்றனவா, இடம் மாறியிருக்கின்றனவா என்று பார்ப்பார். 'பக்கத்துச் சுவரிலிருந்து சுவர் வரை 20 அடி' என்று டேப் பிடிப்பதை எல்லை அளவை என்று எடுத்துக்கொள்ள முடியாது. வரிசை வீட்டில் பக்கச் சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது, எல்லைக்கோடு பெரும்பாலும் அந்தச் சுவரின் நடுவே ஓடும். புதுச்சுவரை அரையடி தள்ளி எழுப்பிவிட்டால் உங்கள் மாடி அடுத்தவர் மனையின் மேல் நிற்கும். 2004இல் பின்பக்கம் கட்டிய சமையலறை மனைக்குள்தான் இருக்கிறதா, பின்சந்தின் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

வீட்டின் அளவையும் மட்ட அளவையும். இன்று நிற்கும் வீட்டை உள்ளும் புறமும் அளந்து வரைபடமாக்குவது. தரையும் பீமும் எங்கே எத்தனை மில்லிமீட்டர் சரிந்திருக்கின்றன, சுவர்கள் நேராக நிற்கின்றனவா என்பதையும் கருவி வைத்துக் குறிப்பார்கள். முன்வீட்டுக்கும் சமையலறைக்கும் இடையே எவ்வளவு இறக்கம் என்ற என் ஊகத்துக்கு விடை இங்கேதான் கிடைக்கும். இந்த வரைபடம் கையில் இருந்தால்தான் மாடியின் திட்டமும் நிஜமாகும். குத்தகையாளர் சொன்ன வாசல் படிக்கட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டட விதிப்படி வீட்டுப் படியின் உயரம் 180 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, கால் வைக்கும் அகலம் 255க்குக் குறையக் கூடாது. 3 மீட்டர் ஏற 17 படி வேண்டும், நேராகப் போட்டால் 4 மீட்டர் நீளம் பிடிக்கும். அண்ணனின் கார் அப்புறம் எங்கே நிற்கும்? நடுவீடு என்பதால் சன்னல் வைக்க முன்னும் பின்னும்தான் வழி. ஒவ்வொரு அறைக்கும் தரைப்பரப்பில் 10 விழுக்காடு வெளிச்சத்துக்குத் திறப்பு வேண்டும் என்கிறது விதி. நடுவில் ஓர் அறை போட்டால் அதற்குக் காற்றுக்கிணறு (மேலே வானம் வரை திறந்த வெற்றிடம்) விட வேண்டியிருக்கும், இடம் இன்னும் குறையும்.

கட்டமைப்பு ஆய்வு. இது என் துறை. ஸ்கேனர் வைத்துத் தூண், பீமுக்குள் கம்பி எத்தனை, எவ்வளவு தள்ளி என்று பார்ப்போம். சில இடங்களில் சிறு உருளையாகக் கான்கிரீட்டைத் துளைத்து எடுத்து ஆய்வுக்கூடத்தில் நசுக்கிப் பார்ப்போம். துளைத்த இடத்தில் பீனால்ப்தலீன் என்ற திரவத்தைத் தெளித்தால் நல்ல கான்கிரீட் உடனே இளஞ்சிவப்பாக மாறும். காற்று ஊறிக் காரத்தன்மை இழந்த பகுதி நிறம் மாறாமல் சாம்பலாகவே இருக்கும். அந்தச் சாம்பல் பட்டை கம்பி வரை போயிருந்தால் துரு ஆரம்பித்துவிட்டது, அல்லது ஆரம்பிக்கப் போகிறது என்று அர்த்தம். பார்க்கிற எவருக்கும் புரிகிற சோதனை இது. அம்மாவையும் அண்ணனையும் பக்கத்தில் நிற்க வைத்துப் பாருங்கள், நூறு வார்த்தை சொல்லிப் புரிய வைக்க வேண்டிய அவசியம் இருக்காது.

மண்ணும் அஸ்திவாரமும். ஒரு தூணின் அடியில் குழி வெட்டி அஸ்திவாரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். முன்வீட்டில் ஒன்று, சமையலறையில் ஒன்று. கூடவே மெக்கின்டோஷ் சோதனை: 5 கிலோ சுத்தியலால் ஒரு கம்பியை அடித்து இறக்கி, ஒவ்வோர் அடி இறங்கவும் எத்தனை தட்டு தேவைப்பட்டது என்று எண்ணுவது. உங்கள் பகுதியில் இரண்டு மூன்று தட்டிலேயே கம்பி வழுக்கிக்கொண்டு போகும் இடங்கள் உண்டு. அப்படியானால் ஆழமான துளைச் சோதனை தேவைப்படும். பக்காவ் கட்டை எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கியே இருந்தால் நீண்ட காலம் கெடாது. நிலத்தடி நீர் இறங்கித் தலைப்பாகம் காற்றுப் பட்டால் இற்றுப்போகும். அதனால் குழியில் தண்ணீர் எந்த மட்டத்தில் ஊறுகிறது என்பதையும் குறித்துக்கொள்வோம்.

இந்த நான்கும் சேர்ந்தாலும் குத்தகையாளர் கேட்கும் 1,40,000இல் ஒரு சிறு பங்குதான் வரும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுத்தில் விலை கேளுங்கள், அறிக்கையில் கையெழுத்துப் போடப் போகிறவர் யார் என்றும் கேளுங்கள். பொறியாளர் என்றால் மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பதிந்து, தொழில் நடத்தும் சான்றிதழும் உள்ளவராக இருக்க வேண்டும். குத்தகையாளரே அழைத்து வரும் ஆளைத் தவிர்த்துவிடுங்கள். ஆய்வு செய்கிறவருக்குச் சம்பளம் உங்கள் கையிலிருந்து போக வேண்டும்.

விடை என்னவாக வரலாம்?

பழைய தூண்களின் மேல் அப்படியே கட்டலாம் என்று விடை வருவது, கீறலைப் பற்றி நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், எனக்கு நம்பிக்கையில்லை. பெரும்பாலும் வரும் விடை, பழைய வீட்டைத் தொந்தரவு செய்யாமல் உள்ளேயே புதிய பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கால்) இறக்கி, புதுத் தூண் எழுப்பி, மாடியைத் தனிக்காலில் நிறுத்துவது. இரும்புச் சட்டமும், செங்கல்லில் மூன்றில் ஒரு பங்கு எடையே உள்ள ஏஏசி என்ற காற்றுக்குமிழ்க் கான்கிரீட் பிளாக்கும் பயன்படுத்தினால் பாரம் கணிசமாகக் குறையும். ஆனால் 1,40,000க்குள் முடியாது. கூரையைப் பிரித்தபின் அம்மாவும் அண்ணன் குடும்பமும் அந்த மாதங்களில் வேறெங்காவது தங்கியாக வேண்டும். அந்த வாடகையையும் கணக்கில் சேருங்கள். கூரையைப் பிரிப்பதை ஜனவரி, பிப்ரவரியில் வைத்துக்கொள்ளுங்கள். பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மழையில் திறந்த வீட்டை வைத்துக்கொண்டு அல்லாடும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

வேண்டாம் என்று விடை வந்தாலும் அந்தப் பணம் வீணில்லை. கையிலிருக்கும் தொகையை ஒரு பழைய அடுக்குமாடிக்கு முன்பணமாகப் போடலாம் என்று தெளிவாகத் தெரிந்துகொள்வதும் ஒரு லாபம்தான்.

மேல் வீடு யாருடையது?

இங்கே நீங்களும் அண்ணனும் ஒரே தவற்றைச் செய்கிறீர்கள், இருவரும் நல்ல மனத்தோடுதான். 'அண்ணன் வீட்டுக்கு மேலே' என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அது அண்ணன் வீடு அல்ல. உயில் இல்லாமல் இறந்த முஸ்லிம் அல்லாதவரின் சொத்து தீபகற்பத்தில் 1958ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டப்படி பிரியும். பெற்றோர் இல்லை, மனைவியும் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. நீங்கள் இரண்டே பிள்ளைகள் என்றால் அம்மாவுக்கும் அண்ணனுக்கும் உங்களுக்கும் ஆளுக்கு மூன்றில் ஒன்று. கூரையை அண்ணன் உங்களுக்குத் தானம் தர வேண்டியதில்லை, தரையிலேயே உங்களுக்குப் பங்கு இருக்கிறது. இதை அண்ணனோடு சண்டை போடச் சொல்லவில்லை. பேச்சை எங்கிருந்து தொடங்குவது என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொன்று. நம் தேசிய நிலச் சட்டத்தின் 44ஆம் பிரிவு, நிலத்தின் மேலுள்ள வான்வெளியை நியாயமாகப் பயன்படுத்தும் உரிமையை நில உரிமையாளருக்கே தருகிறது. நிலத்தோடு பொருந்தி நிற்கும் கட்டடமும் நிலத்தைச் சேர்ந்ததே. எனவே, 'மேல் பாகம் உனக்கு' என்ற வாய்ச்சொல்லை நம்பி நீங்கள் 1,40,000 போட்டாலும், கிராண்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்கள் சொத்தாகத்தான் அது சேரும். நாளைக்கு அண்ணனுக்கு ஏதாவது ஆனால் அண்ணியோடும் அவர் பிள்ளைகளோடும் பேச வேண்டியிருக்கும். அப்போது அண்ணன் சொன்னதற்குச் சாட்சி யார்?

மேல்மாடிக்குத் தனிக் கிராண்ட் வாங்க முடியுமா என்றால், இரண்டு தட்டோ அதற்கு மேலோ உள்ள கட்டடத்தைத் தனித்தனிப் பிரிவுகளாக்க 1985ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா சட்டத்தில் வழி உண்டு. ஆனால் அங்கீகரித்த வரைபடம், முடிவுச் சான்றிதழ், நில அளவையாளரின் ஸ்ட்ராட்டா அளவை எல்லாம் வேண்டும். கிராண்டில் எழுதியுள்ள நிபந்தனையும் இடம் கொடுக்க வேண்டும். உங்கள் கிராண்டில் 'சியாராட் ஞாத்தா' (வெளிப்படை நிபந்தனை) என்ற வரியை எடுத்துப் படியுங்கள், ஒரே குடியிருப்பு வீடு என்று இருந்தால் அங்கேயே நின்றுவிடும். நடுவரிசை வீடு ஒன்றுக்காக இந்த அலைச்சலை நான் பரிந்துரைக்க மாட்டேன். மூன்று பேர் பெயரிலும் பங்கு பதிந்துவிட்டு, யார் எந்தத் தளத்தில் இருப்பது, கூரை ஒழுகினால் யார் செலவு, ஒருவர் விலக நினைத்தால் மற்றவர் எந்த மதிப்பில் வாங்குவது என்று ஒரு வழக்கறிஞர் மூலம் எழுதிக் கையெழுத்திடுவதே போதுமானது. மாடிக்கு நீங்கள் போடும் பணம் எவ்வளவு என்பதும் அதில் இடம்பெற வேண்டும்.

எப்படியும் முதல் படி நில அலுவலகம்தான். அப்பா பெயரில் கிராண்ட் இருக்கும் வரை கட்டட விண்ணப்பத்தில் உரிமையாளராகக் கையெழுத்திட ஆளே இல்லை. வீடொன்றுதான் சொத்து என்றால் சிறு சொத்துப் பிரிவில் விண்ணப்பித்துப் பகிர்வு ஆணை பெறலாம். 2019லிருந்து தள்ளிப்போட்டது போதும், அம்மா நடமாட்டத்தோடு இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

கட்டிவிட்டுச் சமன் கட்டலாமா?

கூடாது. அந்த இரண்டு வீடுகளும் இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவுதான். சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஆம் பிரிவுப்படி ஊராட்சியின் எழுத்து அனுமதி இல்லாமல் கட்டுவது குற்றம். அபராதத்தோடு முடியாது, இடிக்க உத்தரவிடவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. விற்கப் போனால் மதிப்பீட்டாளர் அனுமதியில்லாத பகுதி என்று எழுதுவார், வங்கி அதற்குக் கடன் தர யோசிக்கும். தீ விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனம் முதலில் கேட்பதும் அந்தக் காகிதத்தைத்தான். எல்லாவற்றையும் விட, அனுமதி இல்லாத வேலையில் எந்தப் பொறியாளரும் கையெழுத்திடுவதில்லை. ஏதாவது நடந்தால் பொறுப்பேற்க ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

முறையான வழி அவ்வளவு கடினமும் இல்லை. கட்டடக் கலைஞரோ பொறியாளரோ செபராங் பிறை மாநகர் கழகத்தின் ஓரிட மையம் வழியாக வரைபடங்களைச் சமர்ப்பிப்பார். முடிந்தபின் 2007லிருந்து நடைமுறையில் இருக்கும் சிசிசி என்ற முடிவுச் சான்றிதழை அவரே தன் பொறுப்பில் வழங்குவார். 2004 சமையலறைக்கு அனுமதி வாங்கப்பட்டதா என்று இப்போதே கழகத்தில் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் அதையும் இதே விண்ணப்பத்தில் சரிசெய்ய வேண்டிவரும். குத்தகையாளர் சிஐடிபியில், அதாவது கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில், பதிந்தவரா என்று பாருங்கள், முன்பணம் என்று பெரிய தொகை கேட்டால் கொடுக்காதீர்கள்.

இடது பக்கத்து வீட்டு ஆன்ட்டி முணுமுணுக்கிறார் என்று ஒரு வரியில் கடந்துபோயிருக்கிறீர்கள். பொதுச்சுவரும் பெரும்பாலும் பொது அஸ்திவாரமும் உள்ள வரிசை வீட்டில் அவருடைய பயம் நியாயமானது. உங்கள் பைலிங் அதிர்வில் அவர் வீட்டில்தான் முதல் கீறல் விழும். வேலை தொடங்கும் முன் இருபுறத்து வீடுகளின் சுவர், தரை, சீலிங் எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்துப் பழைய கீறல்களை அளந்து ஓர் அறிக்கை தயாரிக்கச் சொல்லுங்கள். ஒரு பிரதியை அவர் கையிலேயே கொடுங்கள். பின்னால் எது பழையது எது புதியது என்ற வாக்குவாதமே வராது. போகும்போது அம்மாவையும் அழைத்துப் போங்கள், முப்பது நாற்பது வருட அக்கம்பக்கம் அல்லவா.

குத்தகையாளருக்கு இப்போது எதுவும் உறுதி சொல்ல வேண்டாம். அதற்குள் நீங்களே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. அந்தக் கீறலை இந்த முறை பூசாதீர்கள். அதன் இருபுறமும் பென்சிலால் ஒவ்வொரு புள்ளி வையுங்கள், மேலே ஒரு ஜோடி, நடுவில் ஒன்று, கீழே ஒன்று. இரண்டு புள்ளிகளுக்கும் இடையே உள்ள தூரத்தை மில்லிமீட்டரில் அளந்து, பக்கத்திலேயே தேதியோடு எழுதிப் படமெடுங்கள். மாதம் ஒரு முறை, அதே தேதியில். நில அலுவலக வேலை முடிவதற்குள் உங்களிடம் ஒரு வரிசை எண்கள் சேர்ந்திருக்கும். ஆய்வுக்கு வரும் பொறியாளரிடம் முதலில் அந்தச் சுவரைக் காட்டுங்கள்.